மேலே மைனஸ் 50, ஆனாலும் மீன் கெடும்: விமானத்தில் உணவு அனுப்புவது எப்படி?

மொரீஷியஸ் தீவில், ரோஸ் ஹில் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு அக்கா இருக்கிறார். மொரீஷியஸ் தமிழர், பல தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த குடும்பம். கோயிலில் தேவாரம் பாடுவார், வீட்டில் பேசுவது கிரியோல். கறிவேப்பிலையைக் 'கறிபுலே' என்றும் ரசத்தை 'ரசோன்' என்றும் அவர் சொல்லும்போது பாதி எனக்குத் தானாகவே புரிந்துவிடும், மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழில் ஒட்டித் தருவார். மகன் பாரிசில் வேலை பார்க்கிறான். போன மாதம் என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ஏரோப்ளேன் மேலே போனதும் வெளியே மைனஸ் ஐம்பது என்று டிவியில் போடுகிறானே, அப்போ மீனைச் சும்மா பெட்டியில் போட்டு அனுப்பினாலும் கெடாதுதானே?"

நான் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் சரக்கு வேலை பார்க்கிறவன். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் மீன் கம்பெனியில் ஐஸ் போட்டுப் பெட்டி அடுக்கியவன். இருந்தும் அந்தக் கேள்விக்குப் படிக்கட்டில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பதில் கொஞ்சம் நீளம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மைனஸ் ஐம்பது. அது விமானத்துக்கு வெளியே. நாம் உட்காரும் இடத்துக்குக் கீழே, காலடியில்தான் சரக்கு அறை இருக்கிறது. அதுவும் நாம் இருக்கும் அதே காற்றழுத்தக் கூட்டுக்குள்தான், இல்லாவிட்டால் அங்கே நாய் பூனை எல்லாம் எப்படிப் பயணம் செய்யும்? அறையின் வெப்பநிலை விமானத்துக்கு விமானம், அறைக்கு அறை மாறும். சிலவற்றில் விமானி அறையிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம், சிலவற்றில் முடியாது. ஆனால் எதுவும் ஃப்ரீசர் இல்லை. பெட்டியில் வைத்த மீனை அது உறைய வைக்காது, உறைந்த மீனை உறைந்தபடியே வைத்திருக்கவும் செய்யாது.

இன்னொன்று, பறக்கும் நேரம்தான் இந்தப் பயணத்திலேயே நிம்மதியான பகுதி. இங்கிருந்து பாரிசுக்குச் சுமார் பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள், வெயில் படாது, கதவு திறக்காது. சிக்கல் எல்லாம் தரையில்தான். கம்பெனியிலிருந்து லாரி, லாரியிலிருந்து சரக்குக் கொட்டகை, அங்கே எடை, ஸ்கேன், பேப்பர், அப்புறம் பாலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் பெரிய தட்டில், அடுக்கி வலை கட்டுவது, அப்புறம் அந்தப் பாலட் டிராலியில் ஏறி விமானத்தின் பக்கத்தில் போய்க் காத்துக்கொண்டிருப்பது. டிசம்பர் மாத மத்தியானத்தில் அந்தக் கான்கிரீட் தரையில் செருப்பு போட்டு நின்றாலே சூடு ஏறும். விமானம் அரை மணி நேரம் தாமதம் என்றால் பாலட்டும் அரை மணி நேரம் அங்கேயே நிற்கும். போய் இறங்கும் ஊரிலும் இதே கதை தலைகீழாக ஒரு முறை நடக்கும். நான் பார்த்தவரை கெட்டுப்போன சரக்கில் பெரும்பாலானது கெட்டது இந்த இரண்டு நுனிகளில்தான்.

இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போகலாம்: பெட்டி எதையும் குளிரவைக்காது. தெர்மாகோல் பெட்டி, வெள்ளி நிறப் போர்வை எல்லாமே ஏற்கெனவே இருக்கும் குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சூடான மீனை நல்ல பெட்டியில் வைத்தால் அது நல்ல பெட்டிக்குள் இருக்கும் சூடான மீன்.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பெட்டியில் பத்து கிலோ மீன். அதை ஒழுங்காக ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து பூஜ்ஜியம் டிகிரிக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தால், உள்ளே போடும் ஐஸ் முழுவதும் வெளியிலிருந்து வரும் சூட்டை எதிர்க்க மிச்சமிருக்கும். அவசரத்தில் பத்து டிகிரியிலேயே அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். மீனைப் பத்து டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறக்க ஏறக்குறைய 360 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் முழுசாக உருகினால் எடுப்பது 334 கிலோஜூல். அதாவது லாரி கிளம்புவதற்கு முன்பே ஒரு கிலோ ஐஸ் மீனை ஆற்றுவதிலேயே தீர்ந்துவிட்டது. ஒன்றரைக் கிலோ ஐஸ் போட்டிருந்தால் பயணத்துக்கு மிஞ்சியது அரைக் கிலோவுக்கும் கீழே.

அந்த அரைக் கிலோ எவ்வளவு நேரம் தாங்கும்? அறுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், முப்பது உயரம், இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தனியாக முப்பது டிகிரி சூட்டில் வைத்தால், சுவர் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் நாலு மணி நேரத்தில் சுமார் ஒன்றரைக் கிலோ ஐஸை உருக்கப் போதும். அந்தக் கணக்கில் நம் அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும், அவ்வளவுதான். நேர் வெயில் என்றால் இன்னும் மோசம். நிஜத்தில் பெட்டிகள் தனியாக நிற்பதில்லை, பாலட்டில் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். மழையில் நிற்கும் ஆட்டு மந்தை மாதிரி, நடுவில் இருப்பவை நனையாது, ஓரத்தில் இருப்பவை வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதனால்தான் பாலட்டின் வெளிப்புறம் முழுவதும் வெப்பத்தைத் திருப்பும் போர்வை போர்த்துவது. அதனால்தான் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரை நடுப்பெட்டியில் வைத்துவிட்டு 'பாருங்கள், இரண்டு டிகிரி தாண்டவே இல்லை' என்று காட்டுகிறவரை நான் நம்புவதும் இல்லை. ஓரத்து மூலைப் பெட்டியில் வைத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

சரி, எவ்வளவு குளிர் வேண்டும்? இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது. குளிர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பச்சை மீனுக்கு உருகும் ஐஸின் வெப்பநிலை, அதாவது பூஜ்ஜியத்தை ஒட்டி. சூரை மாதிரி மீன்களுக்கு இது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை. அவை சூடாகக் கிடந்தால் பாக்டீரியா சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி வந்து, உடம்பெல்லாம் அரிக்கும். ஒரு முறை உண்டாகிவிட்டால் திரும்ப ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது, நன்றாகக் கொதிக்க வைத்தாலும் போகாது. மோந்து பார்த்தும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் 'நடுவில் கொஞ்ச நேரம் சூடாச்சு, அப்புறம் ஐஸ் போட்டுட்டோம்' என்பது சூரை விஷயத்தில் செல்லாத சமாதானம்.

உறைந்த பொருளுக்கு மைனஸ் பதினெட்டு அல்லது அதற்கும் கீழே. இது உலகம் முழுக்கப் புழங்கும் எண்.

பழத்துக்கு வந்தால் கதையே வேறு. மீன் செத்தது, பழம் உயிரோடு இருக்கிறது. பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, சூட்டை வெளிவிடுகிறது. மீனைப் பொதிவது போலக் காற்றுப் புகாமல் பொதிந்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும், அதனால் அட்டைப் பெட்டியில் துளை வேண்டும். அதே சமயம் அளவுக்கு மீறிய குளிரும் ஆகாது. வாழைப்பழம் பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனால் தோல் கருத்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த ஊரின் சின்ன விக்டோரியா அன்னாசியை ஏழு டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் வெளியே அழகாக இருக்கும், வெட்டினால் உள்ளே பழுப்பு. இங்கிருந்து போகும் ஆந்தூரியம் பூவும் அப்படித்தான், வெப்பமண்டலச் செடி, அதிகக் குளிரில் கருகும். ஆகவே மீன் பாலட்டுக்கு அருமையான குளிர் அறை அன்னாசிக்குக் கொலைக்களம்.

லிச்சியைப் பாருங்கள். நவம்பர் வந்தால் இங்கே மரமெல்லாம் வலை போர்த்தி நிற்கும், வௌவாலுக்குப் பயந்து. பறித்த லிச்சியின் சிவப்புத் தோல் ஈரத்தை இழந்து, சாதாரண வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே பழுப்பாகிவிடும். உள்ளே சதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பாவில் பழம் வாங்குகிறவர் சிவப்பைத்தான் வாங்குகிறார். பக்கத்தில் மடகாஸ்கரிலிருந்து போகும் லிச்சியில் பெரும்பகுதி கப்பலில் போகிறது. வாரக்கணக்கில் தாங்குவதற்காகக் கந்தகப் புகை போடுவார்கள், தோல் வெளுத்து மஞ்சளாக வரும். பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்தும் இங்கிருந்தும் கந்தகம் போடாமல் காம்போடு கொத்தாகப் பறித்தது விமானத்தில் போகிறது. பழம் ஒன்றுதான். ஒன்று மருந்தால் நாளைக் கடக்கிறது, இன்னொன்று காசால். விமானத்தில் எதை அனுப்பலாம், எதை அனுப்புவது வீண் என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு லிச்சியைத்தான் காட்டுவேன். கப்பலில் போய் அதே தரத்தில் சேரும் பொருளை விமானத்தில் அனுப்புவது பணத்தைக் கொளுத்துவது. டின்னில் அடைத்த சூரையும், குளிர் கண்டெய்னரில் ஏற்றிய நன்றாக உறைந்த மீனும் கப்பலில் போகத்தான் பிறந்தவை. குளிர் கண்டெய்னரில் கரண்ட் இருக்கிறது, மைனஸ் பதினெட்டை வாரக்கணக்கில் பிடித்துவைக்கும். விமானத்தில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பேட்டரியில் ஓடும் குளிர்ப் பெட்டகங்கள் இருக்கின்றன, வாடகை அதிகம், மருந்து கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகும், கப்பித்தேன் மீனுக்குக் கட்டாது. (கப்பித்தேன் என்பது இங்கே, எங்கள் ஊரில் விளைமீன்.)

இப்போது குளிர் கொடுக்கும் சாமான்கள். ஜெல் பேக் என்பது பெரும்பாலும் தண்ணீரும் அதைக் கெட்டியாக்கும் பொடியும்தான், ஐஸ் மாதிரியே பூஜ்ஜியத்தை ஒட்டி உருகும். பச்சை மீனுக்கு அது போதும். உறைந்த மீனுக்கு? மைனஸ் பதினெட்டில் இருக்கும் மீனுக்குப் பக்கத்தில் பூஜ்ஜியத்தில் உருகும் பொருளை வைத்து மைனஸ் பதினெட்டைக் காப்பாற்ற முடியாது, தாமதப்படுத்தலாம். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பு அள்ளிப் போடுவார், பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் இருபத்தொன்று வரை இறங்கி உருகும், அதுதான் காரணம். அதே தந்திரத்தில் செய்த குளிர்த் தட்டுகளும் உண்டு.

ஆனால் உறைந்த சரக்குக்கு ராஜா டிரை ஐஸ்தான். உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரி. உருகாது, நேரே ஆவியாகிவிடும், அதனால் பெட்டியில் ஈரமே இருக்காது. ஒரு கிலோ ஆவியாகும்போது ஏறக்குறைய 570 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும், சாதா ஐஸைவிட ஒன்றே முக்கால் பங்கு. குளிர் கீழே இறங்கும் என்பதால் பொருளுக்கு மேலே வைப்பது நல்லது. சாதாரணப் பெட்டியில் ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நாலரைக் கிலோ வரை காணாமல் போகும், பெட்டியின் தரத்தைப் பொறுத்து. பச்சை மீனுக்கோ பழத்துக்கோ பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள், தொட்ட இடம் உறைந்து பாழாகும்.

இந்த டிரை ஐஸ் விமானச் சட்டப்படி அபாயப் பொருள். எரியாது, வெடிமருந்தும் இல்லை, பின்னே என்ன அபாயம் என்றால் அந்த வாயுதான். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். காற்றைவிடக் கனமானது, அறையின் அடியில் தேங்கும், மூச்சுக்காற்றை ஒதுக்கித் தள்ளும். அதே அறையில் யாருடைய நாயாவது போனால் அதற்கு ஆபத்து. அதனால் ஒவ்வொரு விமான வகையிலும் மொத்தம் எத்தனை கிலோ டிரை ஐஸ் ஏற்றலாம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், எந்த அறையில் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேப்டனுக்கு ஒரு தாள் போகும். பெட்டியின் மேல் டிரை ஐஸ் என்ற பெயர், யூஎன் 1845 என்ற எண், அபாயப் பொருள்களில் ஒன்பதாம் வகுப்பைக் காட்டும் கறுப்பு வெள்ளை வரி போட்ட வைர வடிவ லேபிள், உள்ளே எத்தனை கிலோ, அனுப்புநர், பெறுநர் எல்லாம் இருக்க வேண்டும். சரக்கோடு போகும் ரசீதான ஏர்வே பில்லிலும் எழுத வேண்டும். வீட்டிலிருந்து காரில் கொண்டுவருகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள், இது சும்மா சொல்வதில்லை.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. வேலைக்கு வந்த முதல் வருஷம், எட்டுப் பெட்டி உறைந்த இறால், டிரை ஐஸ் போட்டது. 'குளிர் ஒரு துளி வெளியே போகக் கூடாது' என்று மூடியின் நாலு பக்கமும், மூலையும், அடியும் விடாமல் பழுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மம்மியாக்கிவிட்டேன் என்றே சொல்லலாம். சரக்கை ஏற்றுக்கொள்ளும் மேசையில் இருந்த பெரியவர் ஒரு பெட்டியைக் கையால் அழுத்தினார், மூடி உப்பியிருந்தது. டிரை ஐஸ் பெட்டிக்கு வாயு வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும், அடைத்தால் அது பெட்டி இல்லை, குண்டு. எல்லா டேப்பையும் கிழித்து மறுபடி கட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, அந்த விமானம் போயே போய்விட்டது, இறாலைத் திரும்ப ஃப்ரீசருக்கு ஏற்றி அனுப்பினோம். ஒரு வாரம் எல்லாரும் என்னை 'டேப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மீன் பெட்டிக்கு இதற்கு நேர் எதிரான விதி: சொட்டவே கூடாது. மீன் தண்ணீர் உப்புத் தண்ணீர், விமானத்தின் உலோகத்தை அரிக்கும், பக்கத்துப் பெட்டியையும் நாறடிக்கும். அதனால் உள்ளே கனமான பிளாஸ்டிக் பை, அடியில் ஈரம் உறிஞ்சும் பஞ்சுத் தாள், அளந்த ஜெல் பேக். தளர்வான ஐஸ்கட்டி போட்டதை எல்லா விமானக் கம்பெனியும் வாங்காது. பெட்டியைத் தலைகீழாகப் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், ஒரு சொட்டு வந்தாலும் மறுபடி கட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: மேலே போனால் உள்ளே அழுத்தம் குறையும், ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போல. காற்றோடு அடைத்த பொட்டலம் பலூன் மாதிரி உப்பும், ஊறுகாய் பாட்டில் மூடி கசியும். காற்றை உறிஞ்சிய வேக்யூம் பாக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

காசு விஷயம். விமானத்தில் எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, இடத்துக்கும் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் பில். மேலே சொன்ன அறுபது, நாற்பது, முப்பது பெட்டிக்குப் பன்னிரண்டு கிலோ வரும். பத்து கிலோ மீன், ஒன்றரைக் கிலோ ஜெல், அரைக் கிலோ பெட்டி, சரியாகப் பன்னிரண்டு. அழகு. அதே பத்து கிலோ மீனை உறைய வைத்து டிரை ஐஸோடு அனுப்பக் கனமான சுவருள்ள எழுபது, ஐம்பது, நாற்பது பெட்டி எடுத்தால் கன எடை 23 கிலோவைத் தாண்டிவிடும். நிஜ எடை பதினேழு, பதினெட்டுதான் இருக்கும். மிச்சம் ஐந்தாறு கிலோவுக்குக் காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள். கூரியர் கம்பெனிகள் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், அங்கே இன்னும் கூடும். அதனால் பெட்டி வாங்கும்போது மேலே கொஞ்சம் காலி இருந்தால் என்ன என்று பெரிதாக வாங்காதீர்கள்.

அடுத்தது பேப்பர். குளிரால் கெட்டதைவிடப் பேப்பரால் கெட்டது அதிகம் என்று எங்கள் கொட்டகையில் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். வியாபாரமாக ஐரோப்பாவுக்கு மீன் அனுப்ப, மீனைப் பதப்படுத்திய கம்பெனி ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும், இங்குள்ள அரசு அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று வேண்டும், 2010-லிருந்து எந்தப் படகு எங்கே பிடித்தது என்ற பிடிப்புச் சான்றும் வேண்டும். போய் இறங்கும் விமான நிலையத்தில் எல்லைச் சோதனை நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். அங்கே சான்றில் இருக்கும் பெட்டி எண்ணிக்கையும் பாலட்டில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்று மாறினாலும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டேதான் இருக்கும், அது பேப்பருக்காகக் காத்திருக்காது. வார இறுதியில் போய்ச் சேரும்படி அனுப்பாதீர்கள் என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி போய் இறங்கும் சரக்கில் ஒரு கையெழுத்துக் குறைந்தால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் திங்கட்கிழமைதான் நாற்காலிக்கு வருவார்.

காய், பழம், பூ, கீரைக்குச் செடிச் சுகாதாரச் சான்று. 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் ஏறக்குறைய எல்லாப் பச்சைப் பொருளுக்கும் இதைக் கேட்கிறது, ஒரு கைப்பிடிக் கீரையைப் பையில் கொண்டுபோனாலும் சரி. விலக்கு ஐந்தே ஐந்துக்கு: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன். மொரீஷியஸ்காரருக்கு அதிர்ஷ்டம், அன்னாசி பட்டியலில் இருக்கிறது. கறிவேப்பிலை இல்லை. எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும், அதனால் அதன் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். அக்கா ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுக் கறிபுலேயைச் சேலைக்குள் சுற்றி வைப்பவர், அவரிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. இறைச்சியும் பாலில் செய்ததும் தனி ஆள் கையிலோ பார்சலிலோ கொண்டுபோகவே கூடாது, அதனால் மான் கறிக்கு வழியே இல்லை. மீனுக்கு மட்டும் சலுகை: சொந்தச் சாப்பாட்டுக்கு ஒருவர் இருபது கிலோ வரை எடுத்துப்போகலாம், பச்சை மீன் என்றால் குடல் எடுத்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சரக்கு போகாமல் நிற்கும் நாள் உண்டு. இங்கிருந்து போகும் உணவு பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. பயணிகளும் அவர்கள் பெட்டிகளும் அதிகமானால் முதலில் இறக்கப்படுவது சரக்கு. ஆஃப்லோட் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். லிச்சி சீசனும் மொரீஷியஸ்காரர்கள் ஊருக்கு வந்து போகும் விடுமுறையும் ஒரே மாதத்தில் வருவது இதில் பெரிய கொடுமை. அதோடு புயல். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன, விமான நிலையத்தை மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் குளிர் அறைக்குள் இருப்பது பிழைக்கும், பாலட் கட்டி வெளியே தயாராக நிற்பது பிழைக்காது. அதனால் பயணம் பதினெட்டு மணி நேரம் என்றால் பதினெட்டு மணி நேரத்துக்குப் பெட்டி கட்டாதீர்கள். ஒரு விமானம் தவறி அடுத்த நாள் போனாலும் தாங்கும்படி கட்டுங்கள். கூடுதல் ஒரு கிலோ ஜெல்லுக்கு ஆகும் பணம் சின்னது.

நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். விமானக் கம்பெனிகளின் நஷ்ட ஈட்டுப் பொறுப்பைச் சொல்லும் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் பயணங்களில், 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் வரை விமானக் கம்பெனியின் பொறுப்பு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. கெட்டுப்போனதை வாங்கிய பதினான்கு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தாமதம் என்றால் இருபத்தொரு நாள். ஆனால் பொருளின் இயல்பான குணத்தாலேயே கெட்டது என்று காட்டிவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை. மீனின் இயல்பான குணம் கெடுவதுதான், அப்புறம் என்ன வாதம் செய்வது? டேட்டா லாகர் பதிவு ஒன்றுதான் அங்கே பேசும், எந்த மணிக்கு எங்கே சூடு ஏறியது என்று. பெரிய சரக்கென்றால் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள், உணவு கெடுவதற்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

அக்காவின் மீனுக்கு வருவோம். அஞ்சு கிலோ மீனைக் கார்கோவில் போட்டால் குறைந்தபட்சக் கட்டணம், பேப்பர், ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்ந்து மீன் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும் என்று கணக்கெழுதிக் காட்டினேன். "அப்போ நானே எடுத்துட்டுப் போறேன்" என்றார், எப்படியும் டிசம்பரில் மகனைப் பார்க்கப் போகிறவர்தான். மாஹேபூரில் காலையில் வாங்கிய கப்பித்தேனைக் குடல் எடுத்து, துண்டு போட்டு, வேக்யூம் பாக்கெட்டில் அடைத்து, தட்டையாகப் பரப்பி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தோம். பயணிகளும் ஆளுக்கு இரண்டரைக் கிலோ வரை டிரை ஐஸ் எடுத்துப்போகலாம், விமானக் கம்பெனியின் அனுமதியோடு. அக்காவுக்கு அந்தப் புகையைப் பார்த்தாலே பயம், அதனால் கல்லாக உறைந்த ஜெல் பேக்கோடு நிறுத்திக்கொண்டோம். பெட்டியில் ஒரு விரல் இடம்கூடக் காலி விடாமல் மிச்ச இடத்தில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்தேன். வீட்டிலிருந்து கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போதுதான் மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்தோம். நேர் விமானம், நடுவில் எங்கும் மாறவில்லை.

மறுநாள் வாட்ஸாப்பில் படம் வந்தது. நடுவில் இருந்த பாக்கெட்டெல்லாம் ஒன்றோடொன்று தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வருகிறதாம். ஓரத்து மூலையில் இருந்த இரண்டு மட்டும் வளைந்தன, அவற்றை அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டார்கள். கறிபுலே மட்டும் இல்லை.